அம்மாவின் மாத்திரையை ஊரிலிருந்து வரவழைக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. கிரீன் கார்டில் நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் 5 மி.கி. காலையும் இரவும் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், எம்பாக்ளிஃப்ளோசின், பிரஷருக்கு ஆம்லோடிபின், தூக்கத்துக்கு ஆல்பிரஸோலம். போன தடவை மதுரையில் வாங்கி வந்தவை தீரப்போகின்றன. காப்பீடு இல்லை. இங்கே அபிக்ஸபானுக்கு மட்டும் மாதம் 600 டாலர் கேட்கிறார்கள். 'கனடா பார்மஸி' என்ற ஓர் இணையதளத்தில் அதில் பாதிகூட இல்லை. தம்பி கூரியரில் அனுப்பிவிடுகிறேன் என்கிறான். ஃபுளோரிடாவில் வெளிநாட்டு மருந்துக்கு அரசே அனுமதி கொடுத்துவிட்டதாகவும் படித்தேன். எந்த வழியில் போகலாம்?

பதில்: வழியைப் பற்றிப் பேசும் முன், அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இரண்டு நாள் தள்ளிப்போனால் ஓரளவு சமாளிக்கலாம். அபிக்ஸபான் அப்படியல்ல. அதன் வேலை அரை நாளில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால்தான் இரண்டு வேளை கொடுக்கிறார்கள். நிறுத்தினால் பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கட்டம் கட்டிய எச்சரிக்கையே போட வைத்திருக்கிறது. 'இருக்கிறதை நீட்டிக்கலாமே' என்று இரவு மாத்திரையை விட்டுவிடும் அம்மாக்களை மருந்துக்கடை கவுன்டரில் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளிடம் சொல்லவும் மாட்டார்கள். உங்கள் அம்மாவிடம் இதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

ஆல்பிரஸோலமும் சட்டென்று நிறுத்தக்கூடாத மருந்துதான், வலிப்பு வரலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஃபுளோரிடா. நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அதனால் உங்களுக்குப் பயனில்லை. 2024 ஜனவரியில் எஃப்.டி.ஏ. கொடுத்த அந்த அனுமதி, கனடாவிலிருந்து மொத்தமாக வாங்க மாநில அரசுக்குக் கொடுத்தது. சிறைக்கைதிகள், மாநில சுகாதாரத் துறையின் பராமரிப்பில் இருப்பவர்கள், பிறகு ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் இருப்பவர்கள் என்று அது போகும். கடையில் நிற்கும் தனிநபருக்கு அதில் இடமில்லை.

அந்த அனுமதி வருவதற்கே இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1999-ல் வெர்மான்ட் மாநில எம்.பி. பெர்னி சாண்டர்ஸ் பெண்களை பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டி மான்ட்ரியலுக்குக் கூட்டிப்போய் மார்பகப் புற்றுநோய் மாத்திரை வாங்க வைத்தார். மறு வருடமே நாடாளுமன்றம் இறக்குமதிக்குச் சட்டம் போட்டது. கூடவே ஒரு கொக்கி: 'இது பாதுகாப்பானது, பணமும் மிச்சமாகும்' என்று சுகாதார அமைச்சர் சான்று தர வேண்டும். கிளின்டன் அரசின் டோனா ஷலேலா தரவில்லை. புஷ் அரசின் டாமி தாம்ப்ஸனும் தரவில்லை. 2003-ல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோதும் கொக்கி அப்படியே இருந்தது. கடைசியில் 2020-ல் சான்று தந்தவர் அலெக்ஸ் அஸார். மருந்து நிறுவனம் ஒன்றின் அமெரிக்கத் தலைவராக இருந்தவர், இரண்டு வருடம் முன்புதான் இந்தத் திட்டத்தை வெறும் வித்தை என்று ஒதுக்கியவர். அரசியலில் இதெல்லாம் சகஜம்.

சரி, கதவு திறந்தது. அந்தப் பக்கம் கனடா தாழ்ப்பாள் போட்டது. 2020 நவம்பரிலேயே, உள்நாட்டில் தட்டுப்பாடு வரும் என்றால் மருந்தை வெளியே விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கனடாவின் மக்கள்தொகையே சுமார் 4 கோடி. ஃபுளோரிடா ஒன்றில் மட்டும் 2 கோடிக்கு மேல். பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கேட்கலாம், அவர்கள் கிணற்றிலிருந்து ஊருக்கே குழாய் போட முடியுமா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் நிதி ஆய்வு அலுவலகம் 2004-லேயே கணக்குப் போட்டது. கனடாவிலிருந்து மட்டும் இறக்குமதி செய்தால் மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, பல நாடுகளுக்குத் திறந்துவிட்டாலும் மொத்த மருந்துச் செலவில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் குறையும் என்று. இன்னொரு வேடிக்கை: அந்த இறக்குமதிச் சட்டத்தில் உயிரியல் மருந்துகளுக்கு, அதாவது உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்துகளுக்கு, இடமில்லை. ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனதே இன்சுலினுக்காக. 2020 மார்ச்சில் இன்சுலின் அந்த வகைக்கு மாற்றப்பட்டதால் அது பட்டியலிலேயே வராது.

அந்த இணையதளத்தைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். பெயரில் கனடா இருந்தால் மருந்து கனடாவிலிருந்து வருகிறது என்று அர்த்தமில்லை. 2005-ல் எஃப்.டி.ஏ. விமான நிலையங்களில் பார்சல்களைப் பிரித்துப் பார்த்தது. 'கனடா மருந்து' என்று விற்கப்பட்டவற்றில் 85 சதவீதம் வேறு 27 நாடுகளிலிருந்து வந்திருந்தது. 2012-ல் அவாஸ்டின் என்ற புற்றுநோய் ஊசியின் போலிக் குப்பிகள் அமெரிக்க மருத்துவர்களின் கிளினிக் வரை வந்துவிட்டன. உள்ளே மருந்தே இல்லை. அந்தச் சங்கிலியில் இருந்த ஒரு கனடிய இணைய மருந்து வணிகம் 2018-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தலைவலி மாத்திரை போலியாக இருந்தால் தலைவலி போகவில்லையே என்றாவது தெரியும். அபிக்ஸபான் போலியாக இருந்தால் ஒன்றுமே தெரியாது, ஒரு நாள் காலையில் அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணும் வரை. கனடாவில் ஒழுங்கான மருந்துக்கடைகள் இல்லையா? இருக்கின்றன. ஆனால் மருந்துச்சீட்டே கேட்காமல் விற்கும் தளம் எதுவும் அந்த ரகம் அல்ல. அந்த ஒரு சோதனையிலேயே பாதி தளங்களைக் கழித்துவிடலாம்.

கூரியர் விஷயத்தில் உங்கள் தம்பியின் அன்பைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் எஃப்.டி.ஏ. அங்கீகாரம் இல்லாத மருந்தைத் தபாலில் தருவிப்பது இங்கே பெரும்பாலும் சட்டவிரோதம். மதுரைக் கடையில் விற்கும் அட்டைக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. அதே கம்பெனி அமெரிக்காவுக்கென்று தனியாகச் செய்யும் மாத்திரைக்கு மட்டும்தான் உண்டு. சொந்த உபயோகத்துக்கு, கடுமையான நோய்க்கு, மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவு என்றால் அதிகாரிகள் விட்டுவிடலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. வெளிநாட்டில் தொடங்கிய சிகிச்சையின் தொடர்ச்சி, இங்குள்ள மருத்துவரின் பெயர் போன்ற விவரங்களையும் பார்ப்பார்கள். இது அவர்கள் காட்டும் தயவு, நீங்கள் கேட்டு வாங்கும் உரிமை இல்லை. 2,500 டாலர் வரை மதிப்புள்ள பார்சலை, அனுமதி மறுத்த பிறகு அழித்துவிட 2012-ல் வந்த சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. எங்கள் கடைக்கு ஒருவர் 'உங்கள் பார்சல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது' என்ற கடிதத்தோடு வந்தார். பார்சல் வரும் வரும் என்று மூன்று வாரம் காத்திருந்து, அப்பாவின் மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கூரியரில் எனக்குள்ள பயம் இதுதான், அபராதம் இல்லை.

ஊரிலிருந்து யாராவது நேரில் வரும்போது கொண்டுவருவது நடைமுறையில் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அதற்கும் மேலே சொன்ன அதே விதிதான். அம்மாவே பயணம் போய் வந்தால் மூன்று மாத அளவு, கடை அட்டையிலேயே, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் வைத்து, கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டிக் கொண்டு வராதீர்கள். ஆல்பிரஸோலம் மட்டும் வேண்டாம். அது இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, கூரியரில் வைத்தால் வேறு மாதிரியான சிக்கல். டிரமடாலும் அப்படித்தான், முட்டிவலிக்கென்று ஊரில் எழுதிக்கொடுப்பார்களே, அது.

ஒரே மாத்திரை மதுரையில் மலிவாகவும் இங்கே 600 டாலராகவும் இருப்பது ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது தெரிந்தால்தான் எங்கே தேட வேண்டும் என்று புரியும். அபிக்ஸபானுக்கு ஜெனரிக் (அதே மருந்தை வேறு கம்பெனிகள் மலிவாகச் செய்வது) தயாரிக்க எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. அனுமதி வாங்கிய இரண்டில் ஒன்று பெங்களூரு நிறுவனம். ஆனால் காப்புரிமை வழக்குகளால் 2028 ஏப்ரல் வரை அமெரிக்கக் கடையில் விற்க முடியாது. இந்தியாவில் காப்புரிமை 2022-ல் முடிந்துவிட்டது. எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. அன்றைக்கே பல கம்பெனிகள் இறங்கி, 60 ரூபாய் அளவில் இருந்த மாத்திரையைப் பத்து ரூபாய்க்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. ஆக, மாத்திரை செய்யும் செலவு இரண்டு நாட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். விலையைப் போட்டியும் பேரமும் தீர்மானிக்கின்றன. கனடாவில் 1987 முதல் காப்புரிமை மருந்துகளின் விலையைக் கண்காணிக்க ஒரு வாரியமே இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் கழகம் 1995-லிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. அமெரிக்காவிலோ 2003 சட்டம், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மருந்து விலை பேசவே கூடாது என்று தடுத்தது. 2022-ல்தான் அந்தத் தடை ஓரளவு நீங்கியது. பேசிய முதல் பத்து மருந்தில் அபிக்ஸபானும் ஒன்று: 521 டாலராக இருந்த மாத விலை 2026 ஜனவரி முதல் மெடிகேருக்கு 231. கனடாவிலிருந்து இறக்குமதி என்று சொல்வதே என் பார்வையில் அடுத்த நாட்டின் பேரத்தை இரவல் வாங்குவதுதான்.

பாதுகாப்பு என்ற வாதத்தையும் முழுசாக நம்பாதீர்கள். இங்கே கடையில் கொடுக்கும் ஜெனரிக்கில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. ஹைதராபாத், அகமதாபாத், கோவா என்று பாட்டிலின் சீட்டிலேயே பார்க்கலாம். அதே சமயம் 2023-ல் அமெரிக்காவில் பலரின் பார்வையைப் பறித்த கண் சொட்டு மருந்து சென்னைக்கு அருகே முறைப்படி ஏற்றுமதி செய்த ஓர் ஆலையிலிருந்து வந்தது. 2025-ல் மத்தியப் பிரதேசக் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. எந்த நாட்டு மருந்து என்று பார்ப்பதைவிட, ஆலையிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை யார் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இணையதளப் பார்சலில் அந்தக் கணக்கு கிடையாது.

அப்படியானால் என்ன செய்வது? முதல் வேலை, இங்கே ஒரு மருத்துவர். மதுரை டாக்டரின் சீட்டை இங்குள்ள கடை ஏற்காது. காப்பீடு இல்லாதவர்களுக்கு அரசு நிதியில் நடக்கும் சமூக சுகாதார மையங்கள் நியூ ஜெர்சி முழுக்க உண்டு. வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம், பல இடங்களில் மருந்தும் குறைந்த விலைக்கு. போகும்போது அட்டைகளையே எடுத்துப் போங்கள். பிராண்ட் பெயரை மட்டும் சொன்னால் குழப்பம் வரும். ஃப்ளோமாக்ஸ் என்பது அமெரிக்காவில் ப்ராஸ்டேட் மருந்து, இத்தாலியில் அதே பெயரில் இருந்தது வீக்கத்துக்கான வேறு மருந்து. ஊர் மாத்திரைகளில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்தும் இருக்கும்.

மெட்ஃபார்மினும் ஆம்லோடிபினும் உங்களுக்குக் கவலையே இல்லை. ஜெனரிக் மருந்துகள் மற்ற பணக்கார நாடுகளைவிட அமெரிக்காவில்தான் மலிவு. தள்ளுபடி கூப்பனோடு சில டாலரில் முடியும். காஸ்ட்கோ மருந்துக்கடைக்கு உறுப்பினர் அட்டைகூட வேண்டாம்.

அபிக்ஸபானுக்கு, காப்பீடு இல்லாதவருக்குத் தயாரிப்பு நிறுவனங்களே நேரடியாக மாதம் 346 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் தொடங்கின. வருமானம் குறைவு என்றால் இலவசத் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் டாபிகாட்ரான் ஜெனரிக்காகக் கிடைக்கிறதே, அது சரிவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயதும் சிறுநீரகமும் பார்த்துத்தான் சொல்வார். வார்ஃபரின் மிக மலிவு, ஆனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கீரையை ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லாமல் என்று மாற்றிச் சாப்பிட முடியாது. எம்பாக்ளிஃப்ளோசினுக்குப் பதில் அதே வகையில் டாபாக்ளிஃப்ளோசினின் ஜெனரிக் உண்டு. எதையும் நீங்களாக மாற்றாதீர்கள்.

காப்பீட்டையும் பாருங்கள். பெற்றோரைக் கம்பெனிக் காப்பீட்டில் பெரும்பாலும் சேர்க்க முடியாது. மெடிகேருக்குக் கிரீன் கார்டில் ஐந்து வருடம் இங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், இன்னும் மூன்றரை வருடம் பாக்கி. இடையில் மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் வாங்கலாம். பழைய நோய் இருக்கிறது என்று மறுக்க முடியாது. சேர்க்கை நவம்பர் 1-ல் தொடங்கும். ஊரில் வாங்கும் பார்வையாளர் காப்பீடு இதற்கு உதவாது.

அப்புறம் அந்த ஆல்பிரஸோலம். 68 வயதில் தூக்க மயக்கத்தோடு இரவு பாத்ரூமுக்கு எழுந்து விழுந்தால், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலைக்குள் ரத்தக்கசிவு வரை போகலாம். புதிய மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார் என்றே நினைக்கிறேன். அம்மா சண்டை போடுவார். அது வரை படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன இரவு விளக்கு போட்டுவையுங்கள்.