இன்றைய போன்களில் இல்லாத, இருந்தால் உதவும் வசதிகள் எவை? புது போன் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர், "எல்லாம்தான் வந்துவிட்டதே, இனி போனில் சேர்க்க என்ன இருக்கிறது?" என்றும், தன்னுடைய பழைய போன் போய்விட்டதால் புதிது வாங்க யோசனை வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். போனில் இல்லாதவற்றை நான் இரண்டாகப் பிரிப்பேன். ஆப் போட்டோ, அப்டேட் வந்தோ பிறகு சேரக்கூடியவை ஒரு வகை. தலைகீழாக நின்றாலும் பிறகு சேராதவை இன்னொரு வகை. கடையில் நின்று கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையை.

அதில் எனக்கு முதலாவது எஃப்.எம். ரேடியோ. சிரிக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் இங்கே இலங்கையில் டித்வா புயல் அடித்தபோது பதுளைப் பக்கம் இருக்கும் மாமா வீட்டுக்குக் கோலே போகவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு ஸ்மார்ட் போன் இருந்தும், எந்த வீதி மூடியிருக்கிறது, எங்கே மண்சரிவு அபாயம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது பற்றரியில் ஓடும் ஒரு பழைய ரேடியோப் பெட்டியால். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த எங்களிடம் டேட்டா இருந்தது, செய்தி இருந்தது, ஆனால் அவர்களிடம் சேர்க்க வழியில்லை.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், பல போன்களின் சிப்பிலேயே எஃப்.எம். வாங்கும் பகுதி இருக்கிறது. குவால்கொம், மீடியாடெக் இரண்டு கொம்பனிகளின் சிப்களிலும் இதைப் பார்க்கலாம். போன் செய்பவர்கள்தான் அதை இணைக்காமல் விடுகிறார்கள். ஏரியலாக வேலை செய்வது ஹெட்போன் வயர். ஹெட்போன் ஓட்டை போனதும் ஏரியலும் போய்விட்டது. 2016 இல் ஐபோன் 7 அந்த ஓட்டையை எடுத்தது. அப்போது ஆப்பிள் மேடையில் அதற்குச் சொன்ன காரணம் "துணிச்சல்". கேலி செய்த மற்றக் கொம்பனிகளும் இரண்டு மூன்று வருடத்தில் அதையே செய்தன. இந்திய அரசாங்கம் 2023 ஏப்ரலில், ரேடியோ வசதியுள்ள போன்களில் அதை முடக்காமல் திறந்து வையுங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. இங்கே நம் ஆட்களும் அப்படியொரு கடிதம் எழுதினால் நல்லது. சூரியன், சக்தி ரேடியோக்களை ஆப்பில் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், டவர் நிற்கும்வரை.

அடுத்தது கழற்றி மாட்டக்கூடிய பற்றரி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சண்டை வந்ததெல்லாம் பவர் பேங்க் யாருடைய முறை என்பதில். முன்பு ஒரு பற்றரியைச் சார்ஜ் போட்டு மேசை லாச்சியில் வைத்திருந்தால் போதும், அரை நிமிடத்தில் போன் முழுச் சார்ஜ். சாம்சங்கின் எஸ் வரிசையில் 2014 இல் வந்த எஸ்5 தான் முதுகைக் கழற்றக்கூடிய கடைசி போன். அடுத்த வருடம் வந்த எஸ்6 கண்ணாடி போட்டு ஒட்டிவிட்டது. மெல்லியதாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக்கூடாது என்று காரணம் சொன்னார்கள். எஸ்5 உம் தண்ணீர் தாங்கும் போன்தான் என்பது வேறு கதை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பற்றரிச் சட்டம், சாதனங்களின் பற்றரியைப் பாவிப்பவரே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. 2027 பெப்ரவரி 18 முதல் நடைமுறை. உடனே சந்தோஷப்பட வேண்டாம், போன்களுக்கு ஒரு பின்வாசல் இருக்கிறது. 1000 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் பற்றரியும், தூசி, தண்ணீர் தாங்கும் உடலும் இருந்தால் பழையபடி ஒட்டியே விற்கலாம். விலை கூடிய போன்கள் அந்த வாசல் வழியாகத்தான் போகும் என்று நினைக்கிறேன். இப்போதைக்குக் கழற்றும் பற்றரி, ஹெட்போன் ஓட்டை, மெமரி கார்ட் மூன்றும் ஒன்றாக வேண்டுமென்றால் சாம்சங் எக்ஸ்கவர் 7 மாதிரி முரட்டுப் போன்களைத்தான் தேட வேண்டும். அழகு எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது, மழையில் வேலை செய்யும் பொத்தான். காலி வீதியில் கொட்டும் மழையில் நின்று ஓட்டோ பிடிக்க முயன்றவர்களுக்குப் புரியும். பிக்மி ஆப்பில் கூப்பிட்ட ஓட்டோ டிரைவர் கோல் எடுப்பார், திரையில் நாலு துளி விழுந்திருக்கும், விரல் ஒரு பக்கம் இழுக்கப் போன் வேறு பக்கம் போகும், கோல் கட் ஆகிவிடும். இதற்கு அரைத் தீர்வு ஒன்று உண்டு. சாம்சங் போன்களில் கோல் செட்டிங்ஸுக்குள், சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்திக் கோலை எடுக்கும் வசதி இருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஈர விரலைப் புரிந்துகொள்ளும் திரைகளும் வர ஆரம்பித்துவிட்டன, வன்பிளஸ் 12 அப்படித்தான் விளம்பரம் செய்யப்பட்டது.

வீட்டு ஏ.சி. ரிமோட்டைத் தேடியே அலுத்துப் போனவர்களுக்கு, போனையே ரிமோட்டாக்கும் ஐ.ஆர். வசதி. ஷாவ்மிக்காரர்கள் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள், அதற்காகவே அவர்களைப் பிடிக்கும்.

சரி, இனி அப்டேட்டில் வரக்கூடியவை. இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் மொழிதான். அம்மாவுக்குப் பார்சல் கொண்டுவரும் பையன் சிங்களத்தில் கதைப்பான். அம்மா "பொட்டக் இன்ன" (கொஞ்சம் இருங்கள்) என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டுவார். நான் வீட்டில் இல்லாவிட்டால் பார்சல் திரும்பிப் போகும். 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24 உடன், கோலில் கதைப்பதை அப்படியே மொழிபெயர்க்கும் வசதி வந்தபோது, இது கொழும்புக்கென்றே செய்ததல்லவா என்று நினைத்தேன். முதலில் கொடுத்த 13 மொழிகளில் போலிஷ் இருந்தது, தாய் இருந்தது, ஹிந்தியும் இருந்தது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இரண்டு மொழிக்காரர்கள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் ஊரில் இதைவிடப் பயனுள்ள வசதி வேறு எது? ஆனால் மென்பொருள்தான், ஒருநாள் வரும். வராத வசதிக்காக இன்றே காசு கொடுக்கத் தேவையில்லை.

எஸ்.எம்.எஸ். விஷயமும் இப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஒரு சொல் எழுதினாலே கால் பங்குக்கு மேல் முடிந்துவிடும். வட்ஸ்அப் வந்த பிறகு இது யாருக்கும் உறைப்பதில்லை.

கோலைப் பதிவு செய்வதும் பலர் தேடுவது. 2022 மே மாதத்தில் கூகிள் கட்டுப்பாட்டை இறுக்கிய பிறகு வெளி ஆப்கள் அநேகமாகச் செத்துவிட்டன. போனோடு வரும், கோல் எடுக்கும் ஆப்பிலேயே (டயலர்) இருந்தால்தான் உண்டு. தேவையென்றால் கடையிலேயே ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாமல் ஏற்கெனவே இருக்கும் ஒன்றையும் சொல்கிறேன். திரை உடைந்து போனைத் திருத்தக் கொடுக்கும்போது, "பாஸ்வேர்டையும் சொல்லுங்க, செக் பண்ணணும்" என்பார்கள். படங்கள், வங்கி ஆப் எல்லாம் அதற்குள். சாம்சங்கில் 2022 இலிருந்தும் கூகிளின் பிக்சலில் 2023 டிசம்பரிலிருந்தும் திருத்துபவருக்கென்று தனி முறை இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு வெறும் போன்தான் தெரியும், உங்கள் சாமான் எதுவும் தெரியாது. திரை முழுக்கச் செத்த பிறகு போட முடியாது என்பதுதான் இதிலுள்ள ஓட்டை.

இப்போது வாங்கும் விஷயம். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானதோடு போன்களுக்கு இருந்த விலக்கும் போனது, அதனால் வருடத்துக்கொரு போன் என்ற பேச்சு இனி இல்லை. ஒன்றை வாங்கினால் ஐந்து வருடமாவது ஓட்ட வேண்டும். ஆகவே நான் முதலில் பார்ப்பது அப்டேட் எத்தனை வருடம் என்பதை. சாம்சங் ஏ16 குறைந்த விலைப் போன், ஆனால் ஆறு வருடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே போனில் ஹெட்போன் ஓட்டையை எடுத்துவிட்டார்கள், முந்தைய ஏ15 இல் இருந்தது. ரெட்மி நோட் 13 இல் ஓட்டையும் இருக்கிறது, ஐ.ஆர். உம் இருக்கிறது, ஆனால் அப்டேட் காலம் அதைவிடக் குறைவு. எல்லாம் ஒரே போனில் கிடைக்காது. நீங்கள் எதை இழக்கத் தயார் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

"8 ஜி.பி. ரேம், கூட 8 விர்ச்சுவல், மொத்தம் 16" என்று பெட்டியில் எழுதியிருக்கும். அந்த இரண்டாவது 8 வெறும் சேமிப்பு இடம், ரேமின் வேகத்தில் கால்வாசிகூட வராது. பின்பக்கம் நாலு கெமரா இருந்தால் அதில் 2 மெகாபிக்சல் உள்ளதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், அது அலங்காரம். இரண்டு சிம் பாவிப்பவர் என்றால், மெமரி கார்டுக்குத் தனி இடமா, இல்லை இரண்டாவது சிம்முடன் பங்கா என்று சிம் தட்டை இழுத்தே பாருங்கள். எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் அத்தானோ சித்தியோ கொண்டுவரும் போன் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 முதல் சிம் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஈ-சிம் மட்டும். 17 வரிசையில் கனடா, சவூதி, கட்டார், எமிரேட்ஸ் போன்களும் அப்படியாகிவிட்டன. இங்கே டயலொக், மொபிடெல் நெட்வேர்க்குகள் ஈ-சிம் தருகின்றன, அதனால் ஓடும். ஆனால் போன் திடீரென்று செத்தால் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுச் சமாளிக்க முடியாது. ஜப்பான் போன் என்றால் படம் எடுக்கும்போது வரும் சத்தத்தை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றிலும் மானம் போகும்.

கடை எது என்றால், கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் ஒரு சுற்று, புறக்கோட்டையில் ஒரு சுற்று. லிபர்ட்டியில் எனக்குப் பழக்கமான நானா ஒருவர் இருக்கிறார். "நானா, இதில எஃப்.எம். இருக்கா?" என்று கேட்டால், "தம்பி, நீங்க ஒராள்தான் இதைக் கேக்கிறது" என்பார். சொல்லிக்கொண்டே தேடியும் எடுத்துக் கொடுப்பார். விலையைவிட வாரண்டியை விசாரியுங்கள். கொம்பனி வாரண்டி வேறு, கடை வாரண்டி வேறு. கடை வாரண்டி என்பது அந்தக் கடை இருக்கும்வரை.

காசு கொடுக்கும் முன் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். 2025 ஜனவரி கடைசியிலிருந்து, பதியாமல் புதிதாக உள்ளே வரும் போன்களுக்கு நெட்வேர்க் கிடைக்காது என்று அறிவித்திருக்கிறார்கள், அதனால் "பிறகு பார்க்கலாம்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். உங்கள் சொந்த சிம்மைப் போட்டு ஒரு கோல் எடுங்கள். பில்லில் அந்த எண்ணை எழுதி, முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பக்கத்திலேயே இன்னும் இருபது கடை இருக்கிறது.