லூகா மோட்ரிச்: பந்து வருவதற்கு முந்திய அந்த ஒரு நொடி

குரோஷியக் கால்பந்து ஆட்டக்காரர் மோட்ரிச் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் வாயைக் கொடுத்துவிட்டேன். வந்ததில் பாதி, மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற பழைய பஞ்சாயத்து. அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி: சார், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில் 13 சீசன் ஆடி மொத்தம் 43 கோல். இதற்கா 2018இல் பாலோன் தோர், அதாவது உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது, கொடுத்தார்கள்?

கல்யாணச் சமையல்காரரைப் பந்தியில் எத்தனை இலைக்குப் பரிமாறினார் என்று கேட்பது போல இருக்கிறது. அவர் வேலை அடுப்படியில்.

அப்போது மாட்ரிட்டின் நடுக்களத்தில் கசெமிரோ பின்னால் காவல் நின்றார், இடப்பக்கம் குரூஸ், வலப்பக்கம் மோட்ரிச். எதிரணி நெருக்கிக்கொண்டு வரும்போது டிஃபென்டர்களிடமிருந்து பந்தை யாராவது வாங்கியாக வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கும். வாங்கியவுடன் திரும்பவும் வேண்டும். பந்து கிளம்புவதற்கு முன் மோட்ரிச் தலையைத் திருப்பி இரண்டு தோளுக்கும் மேலாகப் பார்ப்பதைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்பது அப்போதே முடிவாகிவிடும். ஒரே தொடுதலில் நெருக்கியவர் பின்தங்கிவிடுவார். இதற்கு ஸ்கோர் அட்டையில் கட்டம் கிடையாது.

2018இல் ஐரோப்பிய கிளப்களின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கைத் தொடர்ச்சியாக மூன்றாவது முறை வென்றார், சுமார் 40 லட்சம் பேர் வாழும் குரோஷியாவை உலகக் கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்றார், அங்கே தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் வாங்கினார். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளும் பாலோன் தோரை மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆளுக்கு ஐந்தாகப் பங்கு போட்டிருந்தார்கள்.

கேள்வி: அவரை மோசமான பர்ச்சேஸ் என்று ஸ்பெயினில் ஓட்டுப் போட்டார்களாமே அண்ணா?

உண்மைதான். 2012 கடைசியில் மார்கா பத்திரிகையின் வாசகர்கள் அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்பிலிருந்து ஆகஸ்ட் கடைசியில்தான் வந்து சேர்ந்தார், சீசனுக்கு முந்திய பயிற்சியே கிடைக்கவில்லை. 2013 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, தூரத்திலிருந்து ஓர் அடி. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அடுத்த வருடம் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 93ஆவது நிமிடம் சக வீரர் ராமோஸ் தலையால் முட்டிய கோலுக்குக் கார்னர் எடுத்தது இவர்தான். அப்புறம் அந்த ஓட்டுப் பேச்சையே காணோம். மாட்ரிட்டில் ஆறு சாம்பியன்ஸ் லீக் உட்பட 28 கோப்பைகள்; அந்த கிளப்பில் வேறு யாருக்கும் அத்தனை இல்லை.

கேள்வி: போர்க்காலத்தில் அகதியாக வளர்ந்தவர் என்கிறார்களே, கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

குரோஷியாவில் ஜாதர் நகருக்கு வடக்கே, வெலெபிட் மலையடிவாரத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு. 1985இல் பிறந்தவர். 1991 டிசம்பரில், யாருடைய பெயரைத் தனக்கு வைத்தார்களோ அந்தத் தாத்தாவைச் செர்பியக் கிளர்ச்சிப் படையினர் கொன்றார்கள். குடும்பம் ஜாதருக்கு ஓடியது. அகதிகளுக்காக ஒதுக்கிய ஓட்டல்களில் பல வருடம் வாழ்ந்தார்கள். அப்பா ராணுவத்தில் சேர்ந்தார். பையன் ஓட்டல் கார் நிறுத்துமிடத்தில் பந்து விளையாடினான்.

குரோஷியாவின் ஹைடுக் ஸ்ப்ளிட் கிளப் "ரொம்பச் சின்ன உடம்பு" என்று திருப்பி அனுப்பியது. இன்னொரு குரோஷிய கிளப்பான டினமோ ஜாக்ரெப் எடுத்துக்கொண்டு, 18 வயதில் பொஸ்னிய லீகின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் அணிக்கு ஆட அனுப்பியது. மேடுபள்ளமான மைதானங்கள், காலையே குறிவைக்கும் தடுப்பாட்டம். அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதுடன் திரும்பினார். அடி வாங்காமல் இருக்க ஒரே வழி, அடிப்பவன் வருவதற்குள் பந்தை விட்டுவிடுவது. மேலே சொன்ன தலைத் திருப்பல் அங்கேதான் முற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: சொந்த நாட்டிலேயே ஒரு சமயம் அவரை வெறுத்தார்கள் என்று படித்தேன். ஏன்?

டினமோவின் பெரிய கையாக இருந்த ஸ்ட்ராவ்கோ மாமிச் மீது, வீரர்களை விற்ற பணத்தைக் கையாடியதாக வழக்கு. 2017இல் சாட்சி சொன்ன மோட்ரிச், முக்கியமான இடங்களில் "நினைவில்லை" என்றார். மாமிச்சைக் காப்பாற்றுகிறார் என்று மக்கள் கொதித்தார்கள். அகதியாக இருந்த அதே ஓட்டல் சுவரில், இது உனக்கு ஒருநாள் நினைவுக்கு வரும் என்ற பொருளில் யாரோ எழுதி வைத்தார்கள். பொய்ச் சாட்சிக் குற்றச்சாட்டும் பதிவானது. 2018 முடிவதற்குள் அது கைவிடப்பட்டது. குற்றச்சாட்டு தலைக்கு மேல் தொங்கும்போதுதான் அந்த உலகக் கோப்பையை ஆடினார். ஆட்டத்தை ரசிக்கிறேன், அந்தச் சாட்சியத்தை ரசிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான்.

கேள்வி: அவர் ஆடியதில் ஒரே ஒரு ஆட்டம் பார்க்கச் சொன்னால்?

எல்லோரும் 2022இல் செல்ஸி அணியுடன் ஆடிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தைச் சொல்வார்கள். 36 வயதில், புறங்காலால் டிஃபென்ஸுக்கு மேலே வளைத்து சக வீரர் ரோட்ரிகோவின் காலுக்கு அனுப்பிய பாஸ். சரி, அதையும் பாருங்கள். நான் சொல்வது 2018 உலகக் கோப்பையில் டென்மார்க்குடன் ஆடியது. எக்ஸ்ட்ரா டைம் முடிய நான்கே நிமிடம் இருக்கையில் அவர் அடித்த பெனால்டியை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிட்டார். சிறிது நேரத்தில் பெனால்டி ஷூட் அவுட். இன்னொருவராக இருந்தால் பயிற்சியாளர் கண்ணில் படாமல் ஒதுங்கியிருப்பார். இவர் மறுபடி அதே கோல்கீப்பர் எதிரே போய் நின்று அடித்தார், உள்ளே போனது.

கேள்வி: 40 வயதில் எப்படி ஐயா ஆடுகிறார்?

2025இல் இத்தாலியின் மிலான் கிளப்புக்குப் போனபோது 39. வேகத்தை நம்பிப் பிழைத்தவருக்கு 32இல் கதை முடியும். இவர் நம்பியது கண்ணையும் கழுத்தையும்.

கேள்வி: என் பையனுக்கு 13 வயது, வகுப்பிலேயே குள்ளம். நடுக்களத்தில் ஆட ஆசைப்படுகிறான். பார்த்துப் படிக்க என்ன சொல்லித் தரலாம்?

மோட்ரிச் 172 செ.மீ.தான், முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். பிறகு இப்படிச் செய்யுங்கள்: ஒருவர் அவனுக்குப் பாஸ் கொடுக்கட்டும், நீங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். பந்து காலில் படுவதற்குள் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். விரல்களை மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை சரியாக இருக்கும், பந்து ஓடிவிடும். திட்டாதீர்கள், எடுத்து வந்து மறுபடி ஆரம்பியுங்கள்.