டீச்சரிடம் கேளுங்கள்: சமவெளியில் நிற்காதீர்கள், மேட்டுக்குப் போங்கள்

கேள்வி: மலேசியச் சாலைகளில் பல நாள் நடக்கிற லங்காவி சைக்கிளோட்டப் பந்தயம் ஒருமுறை எங்கள் தோட்டத்து முகப்பு வழியாகப் போனது. பிள்ளைகளின் கையில் கொடியைக் கொடுத்துக் காலையிலிருந்து வெயிலில் நின்றோம். விர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், முடிந்துவிட்டது. யார் முந்தினார், யார் பிந்தினார் என்று ஒன்றுமே புரியவில்லை. மறுபடியும் பந்தயம் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா, தொலைக்காட்சியிலேயே பார்த்துக்கொள்ளலாமா?
– சுங்காய் வாசகி

பதில்: கட்டாயம் கூட்டிப் போங்கள் அம்மா. ஆனால் தோட்டத்து முகப்பில் நிற்காதீர்கள். உங்கள் ஏமாற்றத்துக்குக் காரணம் பந்தயம் அல்ல, நீங்கள் நின்ற இடம்.

சமதரையில் இந்த வீரர்கள் மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்கள். அதாவது விநாடிக்கு 13 மீட்டர். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தோளோடு தோள் உரச ஒரே கும்பலாக வந்தால், அந்தக் கும்பல் முழுவதும் உங்களைக் கடக்கப் பத்துப் பதினைந்து விநாடிகள் போதும். எவ்வளவு கூர்மையான கண்ணாக இருந்தாலும் அதில் ஒரு முகத்தைக்கூடப் பிடிக்க முடியாது. அதே வீரர்கள் எட்டு விழுக்காடு சரிவில் ஏறும்போது வேகம் 20 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். கும்பல் உடைந்து ஒருவர், மூவர், பத்துப் பேர் என்று பிரிந்து வருவார்கள். முதல் ஆள் போன பிறகும் வெகுநேரம் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள்.

நான் பீடோரில் இருக்கிறேன். பந்தயம் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறினால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவேன். ரிங்லெட் போகிற வழியில் ஒரு கூர்மையான வளைவுக்குச் சற்று மேலே நின்றுகொள்வேன். கீழே இருந்து வருகிறவர்கள் அங்கே நன்றாகத் தெரிவார்கள், நம்மைக் கடந்து மேலே போகிற முதுகுகளும் தெரியும். சாலையில் மற்ற வாகனங்கள் இல்லாததால் மூச்சு வாங்குகிற சத்தமே காதில் விழும். சட்டையில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு போட்டிருக்கும். கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருக்கும். நைலான் காலுறையில் பனிக்கட்டியை நிரப்பிச் செருகியிருப்பார்கள். குளிர் நாடுகளில் பிறந்தவர்களுக்கு நம் வெயில் அப்படி. முன்னால் போகிறவர் வாயை மூடிக்கொண்டு ஏறுவார், நான்கு மீட்டர் பின்னால் இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு ஏறுவார். அடுத்த வளைவுக்குள் அந்த நான்கு மீட்டர் நாற்பதாகிவிடும். ஒரு மனிதர் தோற்கும் கணத்தை இவ்வளவு அருகில் நின்று பார்க்க வேறு எந்த விளையாட்டிலும் நமக்கு இடம் கிடைக்காது, அதுவும் டிக்கெட் இல்லாமல்.

முன்னால் போனவர்களைப் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். கடைசிக் கூட்டம் வரும்வரை இருங்கள். அவர்கள் பெரும்பாலும் சமதரையில் கடைசிப் பாய்ச்சலுக்குப் பேர்போன, உடல் கனத்த விரைவோட்டக்காரர்கள். மலை அவர்களுக்கு எதிரி. முதலில் வந்தவரின் நேரத்துக்கு மேல் இத்தனை விழுக்காட்டுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. அதைத் தாண்டினால் மறுநாள் பந்தயத்தில் இடமில்லை. ஆகவே எதிரணிக்காரர்களும் சேர்ந்து ஒரே சீராக மிதித்து ஒருவரையொருவர் கரையேற்றுவார்கள். மேட்டில் என் கைதட்டலில் பாதி இவர்களுக்குத்தான்.

உங்கள் ஊர்ப் பக்கம் மேடே இல்லை என்றால், சாலை செங்கோணத்தில் திரும்புகிற முனையைப் பாருங்கள். அங்கே வேகம் குறையும். இன்னொரு நல்ல இடம் உண்டு. வழியில் ஏதாவது ஓர் ஊரில் சாலையின் குறுக்கே கோடு போட்டு, அதை முதலில் கடப்பவர்களுக்குப் புள்ளிகளும் சலுகை விநாடிகளும் தருவார்கள். அந்தக் கோட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் நில்லுங்கள்.

யார் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒவ்வொருவர் முதுகிலும் எண் இருக்கும். ஓர் அணிக்கு ஆறு பேர் என்றால் 1 முதல் 6 வரை ஓர் அணி, 11 முதல் 16 வரை அடுத்த அணி, 21 முதல் 26 வரை அதற்கடுத்தது என்று எண் கொடுப்பது வழக்கம். பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போனால், பின்னிலக்கத்தை விட்டுவிட்டு முன்னிலக்கத்தைப் பார்த்தே அணியைச் சொல்லிவிடலாம். மஞ்சள் சட்டை போட்டிருப்பவர் அதுவரை மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர். வீரர்களுக்குப் பின்னால் கூரையில் சைக்கிள்களைச் சுமந்து வரும் அணி வாகனங்களையும் கவனியுங்கள். அவை இஷ்டத்துக்கு வருவதில்லை. முதல் நாள் முடிந்த பிறகு, எந்த அணியின் வீரர் மொத்த நேரத்தில் முன்னால் இருக்கிறாரோ அந்த அணியின் வாகனம் முன்னால் வரும். வாகன வரிசையைப் பார்த்தே பந்தய நிலவரத்தைப் படித்துவிடலாம்.

கேள்வி: டீச்சர், நாள் முழுக்கத் தனியாக முன்னால் ஓடுகிறவர் கடைசியில் பிடிபடுகிறார். கூட்டத்துக்குள் பதுங்கி வந்தவர் கடைசி இருநூறு மீட்டரில் பாய்ந்து பரிசை வாங்குகிறார். இது நியாயமா?
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் மோட்டார் ஓட்டுகிறவராக இருந்தால் இதற்கான விடை உங்கள் நெஞ்சுக்கே தெரியும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் போகும்போது காற்று சட்டென்று நின்றுவிடும் அல்லவா, அதேதான். சமதரையில் இந்த வேகத்தில் வீரர் செலவழிக்கும் வலுவில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. இன்னொருவரின் பின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சமாகும். நூறு பேர் முறை வைத்து முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்ளும்போது, தனியாக ஓடுகிறவர் என்ன செய்ய முடியும்?

அது தெரிந்தேதான் அவர் போகிறார். பிரெஞ்சு வீரராக இருந்து பின்னாளில் வர்ணனையாளரான ராபர்ட் ஷப்பாட் ஒரு கணக்குச் சொன்னார்: தப்பி ஓடியவருக்கும் கும்பலுக்கும் ஒரு நிமிட இடைவெளி இருந்தால், அதை அழிக்கக் கும்பலுக்குப் பத்துக் கிலோமீட்டர் வேண்டும். சாலையோரத்தில் நிற்கிற நமக்கு இது பெரிய வரம். முன்னால் போகிறவர் ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள், கும்பல் அதே கம்பத்தைக் கடக்கும்போது மறுபடி பாருங்கள். மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முடிவுக் கோட்டுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர்தான் இருக்கிறது என்றால் அவருக்கு நல்ல வாய்ப்பு. ஐம்பது இருந்தால் கடினம். நீங்கள் கணித்ததை வீட்டுக்கு வந்து முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் என் மாணவர்களுக்குக் காலமும் தூரமும் கணக்கை இப்படித்தான் சாலையோரத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பாடப் புத்தகத்தின் ரயில் கணக்கில் கொட்டாவி விட்ட பையன்கள் அன்று வாய்விட்டுக் கத்திக் கணக்குப் போட்டார்கள்.

நியாயமா என்று கேட்டீர்கள். நியாயம்தான். கூட்டத்தில் இருந்தவரும் சும்மா வரவில்லை. அவருக்காக அவருடைய அணியில் மற்றவர்கள் காலையிலிருந்து காற்றை வாங்கியிருக்கிறார்கள், பின்னால் போய்த் தண்ணீர் எடுத்து வந்திருக்கிறார்கள், டயர் போனால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பரிசு மேடையில் ஒருவர்தான் நிற்பார். சாலையோரத்தில் நிற்கிற நமக்கு மற்ற ஐந்து பேரும் தெரிவார்கள்.

கேள்வி: இந்தப் பந்தயத்தில் மலேசியர் யாராவது வென்றிருக்கிறார்களா? நம் இனத்தவர் யாராவது சைக்கிளோட்டத்தில் பேர் வாங்கியிருக்கிறார்களா?
– பகாவ் மாணவி

பதில்: 1996-இல் தொடங்கிய பந்தயம் இது. ஒட்டுமொத்தப் பட்டத்தை மலேசியர் எவரும் இதுவரை வென்றதில்லை. ஆனால் 2010-இல் அனுவார் மனான் அதில் ஒரு நாளின் ஓட்டத்தை வென்றார். அப்படி வென்ற முதல் மலேசியர் அவர்தான். வெளிநாட்டு அணிகளின் விரைவோட்டக்காரர்களை நேருக்கு நேர் மோதி வென்ற வெற்றி அது. திரங்கானுவின் டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங்கை உனக்குத் தெரிந்திருக்கும். ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கியவர். அவர் ஓடுவது வேறு வகை. உள்ளரங்கத்துச் சரிவுத் தடத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற கெய்ரின்.

நம்மவர் என்றால் எம். குமரேசனை அறிந்துகொள். மலேசியாவுக்காக ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டியவர். இன்று தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளைக் கேட்டால் பத்துக் கால்பந்து வீரர்களின் பெயரைச் சொல்வார்கள், குமரேசன் பெயரைச் சொல்ல ஆளில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு மகளே, மறைக்கவில்லை. நம் தாத்தாக்கள் இருட்டோடு ரப்பர்ப் பால் வெட்டப் போனது சைக்கிளில். மண்டோரும் கிராணியும் தோட்டத்தைச் சுற்றியது சைக்கிளில். கால் பலத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நல்ல சைக்கிளின் விலையும், பயிற்சிக்குக் கூட்டிப் போக ஆள் இல்லாததும்தான் தடை. உன் பள்ளியில் யாராவது ஓர் ஆசிரியர் ஒரு மாவட்டப் போட்டிக்கு இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அங்கிருந்து தொடங்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2000-இல் இந்தப் பந்தயத்தை வென்றவர் அமெரிக்காவின் கிறிஸ் ஹார்னர். அவரே 2013-இல், 41 வயதில், ஸ்பெயின் நாட்டின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்ட்டாவை வென்றார். நம் ஊர்ச் சாலையில் பெயர் தெரியாமல் கடந்து போகிறவர் நாளைக்கு யாராக வருவார் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எண்களைக் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

கேள்வி: வீரர்கள் வீசுகிற தண்ணீர்ப் போத்தல் வேண்டும் என்று என் பேரன் அடம்பிடிக்கிறான். எங்கே நின்றால் கிடைக்கும்?
– கோலகுபு பாரு வாசகர்

பதில்: போத்தலையும் உறையையும் வீசுவதற்கென்றே பாதையில் சில இடங்களை ஒதுக்கிப் பலகை வைத்திருப்பார்கள், கண்ட இடத்தில் வீசினால் வீரருக்கு அபராதம். ஆகவே அந்தப் பலகைக்கு அருகில் போய் நில்லுங்கள் ஐயா. ஆனால் பேரனின் கையை விடாதீர்கள். உருண்டு நடுச்சாலைக்குப் போன போத்தலைத் தொடர்ந்து ஒரு பிள்ளை ஓடினால், நூறு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். 2021-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் முதல் நாளில், சாலையோரத்தில் நின்ற ஒரு பெண் தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்தபடி ஓர் அட்டையைச் சாலைப் பக்கம் நீட்டினார். வந்த வீரர் அதில் மோத, பின்னால் வந்த பெருங்கூட்டமே சரிந்தது. கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். லயத்து நாய்களை அன்று காலையிலேயே கட்டிப் போடுங்கள்.

கேள்வி: சாலையோரத்தில் கொய்யா விற்கிறேன். பந்தயம் வரும் நாளில் சாலையை மூடிவிடுகிறார்கள், வியாபாரம் படுத்துவிடுகிறது. எவ்வளவு நேரம் மூடுவார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. நாங்கள் எதற்காக இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?
– பீடோர் வியாபாரி

பதில்: உங்கள் கோபம் சரியானது அண்ணே. எத்தனை மணிக்கு மூடுவார்கள், எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதைச் சாலையோரக் கடைகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். அன்றன்றைக்கு விற்றுப் பிழைக்கிறவருக்கு அரை நாள் என்பது சின்ன விஷயம் அல்ல. இதை நகராண்மைக்குக் கடிதமாக எழுதுங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

பாதை முழுவதையும் நாள் முழுக்க மூடுவதில்லை. பந்தயம் நகர நகர முன்னால் மூடிக்கொண்டும் பின்னால் திறந்துகொண்டும் போவார்கள். முதலில் போலீஸ் மோட்டார்கள் வரும், பிறகு சிவப்புக் கொடி கட்டிய வாகனம். அது கடந்தபின் சாலை வீரர்களுக்குச் சொந்தம். கடைசியாகப் பச்சைக் கொடி கட்டிய வாகனம் வரும். அது கடந்ததும் சாலை திறக்கிறது. நடுவில் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் கடக்காதீர்கள். டயர் மாற்றிவிட்டுத் தனியாகத் துரத்தி வருகிற ஒருவர் எந்த வளைவிலிருந்தும் வரலாம்.

வியாபாரத்துக்கும் ஒரு யோசனை. வெயிலில் காத்திருக்கும் கூட்டத்துக்கு முழுப் பழத்தைக் கிலோக் கணக்கில் வாங்க மனம் வராது. நறுக்கி, பொட்டலத்தில் போட்டு, ஆசாம் பொடி தூவி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்திருங்கள். பச்சைக் கொடி போனபின் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். சிவப்புக் கொடி வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு விற்பனை நேரம்.