வார்டு போஸ்டிங்: நீங்கள் கேட்டவை

தருமபுரியில் 17 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரி வார்டில் செய்யும் பயிற்சி பற்றி நர்சிங் மாணவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நோட்டில் கேஸ் கணக்கை நிரப்பிக் கையெழுத்து வாங்கவே நேரம் சரியாகப் போகிறது. ஒன்றும் கற்றுக்கொண்ட மாதிரி இல்லை. (ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ இரண்டாமாண்டு, பென்னாகரம்)

கையெழுத்தும் வேண்டும்தான் பாப்பா. ஆனால் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு நோயாளியைப் பிடித்துக்கொள். அவருக்கு எழுதியிருக்கிற ஒவ்வொரு மருந்தையும் ஏன் கொடுக்கிறார்கள், கொடுத்தபின் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இரு. சிறுநீரை அதிகம் போகவைக்கும் லேசிக்ஸ் ஊசி போட்டார்களா? சிறுநீர் எவ்வளவு போனது, பிபி இறங்கியதா, பொட்டாசியம் எவ்வளவு என்று தேடு. மறுநாள் போனதும் முதலில் அவர் கட்டிலுக்கே போ. ராத்திரியில் என்ன மாறியது என்று கேஸ் ஷீட்டில் பார். இப்படி பத்துப் பேரைப் பார்த்தால், நூறு பேருக்கு பிபி பார்த்ததைவிட அதிகம் தெரியும்.

இன்னொன்று. மூச்சை எண்ணாமலே எல்லாருக்கும் நிமிடத்துக்கு 20 என்று எழுதுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவுக்கும் 20 போட்டுவிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் சார்ட்டை என் கையில் கொடுத்து, "இப்போ எண்ணு" என்றார். 38. நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டே, ஒரு நிமிடம் முழுக்க மார்பைப் பார்த்து எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் அவர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள்.

டிரிப் சொட்டுக் கணக்கு குழப்புகிறது.

மில்லியை டிரிப் செட்டின் சொட்டு எண்ணால் (ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு) பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். 500 மில்லி, 4 மணி நேரம், 20 சொட்டு செட் என்றால் 10,000-ஐ 240-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. செட்டின் கவரில் 20-ஆ 60-ஆ என்று பார்த்த பிறகே கணக்கைத் தொடங்கு.

பாம்புக்கடி கேஸ் வந்தால் மாணவி எங்கே நிற்பது? (அரூர்)

நம் பக்கம் இது அடிக்கடி வரும், ஓடிவிடாதே. 20 நிமிட ரத்த உறைவு சோதனையை நீ கவனிக்கலாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். ஆட்டாமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் குழாய் என்றால் முடிவை நம்ப முடியாது. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும். ஆனால் உறைந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதே. தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல் தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார். ரத்தம் ஒழுங்காக உறையும், ஆனால் அந்த விஷம் நரம்பைத் தாக்கும். கண் இமை தொங்குகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. மாறினால் உடனே டாக்டரிடம் சொல். பாம்பின் பெயரை உறவினர் சரியாகச் சொல்வார் என்று நம்பி உட்காராதே.

கிருஷ்ணகிரியில் போஸ்டிங். பாதிப் பேர் தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறார்கள்.

"எக்கட நொப்பி", "எல்லி நோவு", "கஹான் தர்த்". எங்கே வலி என்பதை மூன்று மொழியிலும் கற்றுக்கொண்டு போ. மீதியை நோயாளியின் மகளே உனக்குச் சொல்லித்தருவாள். உன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பாள், பரவாயில்லை.

ஊசி கையில் குத்திவிட்டது. சொன்னால் திட்டுவார்களோ என்று மறைத்துவிட்டேன்.

இன்றே சொல்லம்மா. யாராவது திட்டினால் திட்டட்டும். குத்தியதும் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது. எச்ஐவி தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தேவைப்பட்டால் 28 நாள் சாப்பிட வேண்டும். நேரம் தாண்டியிருந்தாலும் ரத்தப் பரிசோதனைகள் உண்டு, அதனால் போய்ச் சொல். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பார். போடாதவர்கள் போஸ்டிங்குக்கு முன்பே தொடங்குங்கள். அப்புறம், ஊசிக்கு மூடி திரும்பப் போடாதே, நேராக ஊசிகளுக்கான வெள்ளை டப்பாவில் போடு.

முதல் பிரசவம் பார்த்தபோது மயக்கம் வந்து விழுந்துவிட்டேன். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

காலையில் சாப்பிடாமல் போயிருப்பாய். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போ. கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிடு. நான் விழுந்தது டிரெஸ்ஸிங் டிராலி மேல்.