டேட்: ஒரே ஒலிக்குள் ஒரு விரலும் ஒரு கடிதமும்

தர்மபுரியில் எங்கள் வாசகர் வட்டத்தார் போன மாதம் அரியகுளம் பக்கம் பேரீச்சைத் தோட்டம் பார்க்கப் போனோம். வாசல் பலகையில் ‘டேட்ஸ்’ என்று எழுதியிருந்தது. கூட வந்த ஏழாம் வகுப்புப் பையன், “இங்க காலண்டர் விக்கிறாங்களா தாத்தா?” என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் பதில் யாரிடமும் இல்லை. அதனால் இந்த மாதக் கேள்வி நேரத்துக்கு அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டோம். முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவன் என்பதால் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. முதல் கேள்வி அந்தப் பையனுக்கே சொந்தம்.

தாத்தா, பழத்துக்கும் காலண்டருக்கும் எப்படி ஒரே பேர் வந்துச்சு? (ஏழாம் வகுப்பு மாணவன், தர்மபுரி)

ஒரே பேர் இல்லை கண்ணு. இரண்டு வெவ்வேறு சொற்கள், வெவ்வேறு ஊரில் பிறந்து, நடந்து நடந்து தேய்ந்து, கடைசியில் ஒரே உருவத்துக்கு வந்து நிற்கின்றன.

பழத்தின் கதையை முதலில் சொல்கிறேன். கிரேக்க மொழியில் ‘டாக்டிலோஸ்’ என்றால் விரல். நீளமாக, பழுப்பாக, மேல் தோல் சுருங்கி இருக்கிற பழத்தைப் பார்த்து அவர்கள் விரல் என்றே பெயர் வைத்தார்கள். அது இலத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் நடு எழுத்துகள் எல்லாம் உதிர்ந்து ‘டேட்’ ஆகிவிட்டது. ஆனால் மரத்தின் அறிவியல் பெயரில் பழைய உருவம் அப்படியே இருக்கிறது: ஃபீனிக்ஸ் டாக்டிலிஃபெரா. ‘டாக்டிலிஃபெரா’ என்றால் விரல் தாங்கி. உன் அறிவியல் புத்தகத்தில் டெரோடாக்டில் என்று ஒரு பறக்கும் ஊர்வன பார்த்திருப்பாயே, அதிலும் இதே விரல்தான். சிறகு விரல் என்று பொருள்.

கிரேக்கர் விரலைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்களா என்பதில் அறிஞர்களிடையே இன்னொரு கருத்தும் உண்டு. மேற்கு ஆசியாவின் பழைய மொழியான அராமியத்தில் பேரீச்சையை ‘திக்லா’ என்பார்கள், எபிரேயத்தில் ‘தெகெல்’. அப்படி ஒரு சொல் கிரேக்கர் காதில் விழுந்து, தங்களுக்குத் தெரிந்த ‘டாக்டிலோஸ்’ போல ஒலித்ததால் அதையே சொல்லத் தொடங்கினார்கள் என்பது அந்தக் கருத்து. எனக்கு அது நம்பத் தகுந்ததாகவே படுகிறது. பழம் வந்த திசையிலிருந்துதான் பெயரும் வரும்.

காலண்டரில் இருக்கிற ‘டேட்’ எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த கேள்வியில் கேள்.

அப்ப காலண்டர் டேட் எங்கிருந்து வந்தது சார்? நான் தினமும் இருபது தடவை தேதி எழுதுறவன். (பத்திர எழுத்தர், கிருஷ்ணகிரி)

உங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சட்டென்று புரியும் ஐயா. கிரயப் பத்திரத்தை எப்படித் தொடங்குகிறீர்கள்? இந்த வருடம், இந்த மாதம், இந்தத் தேதியில், இன்னாருக்கு இன்னார் ‘எழுதிக்கொடுத்த’ கிரயப் பத்திரம் என்னவென்றால் என்றுதானே? தேதியும் ‘கொடுத்த’ என்ற சொல்லும் அங்கே சேர்ந்தே வரும்.

ரோமானியர்களும் அதையேதான் செய்தார்கள். கடிதத்தில் ‘தாத்தா ரோமாய்’ என்று எழுதி, நாளைக் குறிப்பார்கள். ‘ரோமில் வைத்து, இந்த நாளில் கொடுக்கப்பட்டது’ என்பது பொருள்; கொண்டுபோகிற ஆளின் கையில் கொடுக்கப்பட்டது என்று கணக்கு. ‘தாத்தா’ என்ற அந்த இலத்தீன் சொல்லுக்குக் கொடுக்கப்பட்டது என்பது மட்டும்தான் பொருள். நாள், மாதம், காலம் எதுவும் அதில் கிடையாது. ஆனால் எப்போதும் நாளுக்குப் பக்கத்திலேயே நின்றதால், நாளைக் குறிக்கிற சொல்லாகவே மாறிப்போனது. நம் பத்திரங்களில் ‘கொடுத்த’ என்ற சொல்லே நாளடைவில் தேதி என்ற பொருளைப் பெற்றிருந்தால் எப்படி இருக்கும்? அங்கே நடந்தது அதுதான்.

இது எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு. ஒரு சொல்லின் பொருள் அதற்குள்ளேயே இருக்கும் என்று நினைக்கிறோம். இங்கே பொருள் பக்கத்தில் நின்ற சொல்லிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

மொபைல்ல டேட்டா தீர்ந்துபோச்சுன்னு சொல்றோமே, அதுவும் இதுவும் சொந்தமா சார்? (கல்லூரி மாணவி, பாப்பாரப்பட்டி)

சொந்தம்தான் அம்மா, கூடப் பிறந்தவை. கணக்குப் போடுகிறவருக்கு முன்கூட்டியே ‘கொடுக்கப்பட்ட’ விவரங்கள் என்பதால் அவை டேட்டா. ஒருமையில் டேட்டம். டேட்டாவைப் பன்மையாகத்தான் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், அதற்காக உங்கள் மதிப்பெண்ணை யாரும் குறைக்கக் கூடாது.

தமிழில் நாம் சொல்லும் ‘தேதி’ இந்த ‘டேட்’டின் திரிபா? என் வகுப்பில் பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். (தமிழாசிரியை, அரூர்)

இல்லை டீச்சர். ‘தேதி’ வடமொழித் ‘திதி’யிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் எழுதும் ‘திகதி’யும் அதே வேர்தான். திதி என்றால் சந்திரனின் ஓட்டத்தை வைத்துக் கணக்கிடும் நாள்: பிரதமை, துவிதியை என்று எண்ணுவோமே, அது. தாத்தா பாட்டிக்குத் திதி கொடுப்பதும், ரேஷன் கடையில் தேதி பார்ப்பதும், யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் திகதி போடுவதும் ஒரே சொல்லின் மூன்று முகங்கள்.

பிள்ளைகளிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு வேர்கள் தேய்ந்து ஒரே சொல்லாகத் தெரிகின்றன. தமிழில் ஒரே வேர் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது.

இலக்கணம் நடத்துகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மேல்நாட்டு யாப்பில் ‘டாக்டில்’ என்று ஓர் அசைக்கட்டு உண்டு. ஒரு நெடிலும் இரண்டு குறிலும் சேர்ந்தது. விரலில் ஒரு நீளக் கணுவும் இரண்டு குட்டைக் கணுவும் இருப்பதால் அந்தப் பெயர். நம் ‘கூவிளம்’ வாய்பாட்டைச் சொல்லிப் பாருங்கள், ஓசை கிட்டத்தட்ட அப்படியே விழும். நேர், நிரை கணக்கு வேறு என்பதால் இரண்டும் ஒன்றல்ல.

கொடுத்தது என்றால் நம்ம ‘தா’தானே? இலத்தீன் ‘தாத்தா’ தமிழிலிருந்து போனது என்று ஏன் சொல்லக் கூடாது? (வாசகர், ஓசூர்)

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சொல்லக் கூடாது என்பதே என் பதில்.

இலத்தீன் சொல்லுக்கு உறவுக்காரர்கள் யாரென்று தெரியும். வடமொழியில் ‘தானம்’, இலத்தீனில் ‘தோனும்’. இரண்டுக்கும் கொடை என்றே பொருள், ஒலியும் ஒழுங்காக ஒத்துப்போகிறது. நாம் தத்துப்பிள்ளை என்கிறோமே, அதிலுள்ள ‘தத்து’ வடமொழித் ‘தத்த’, அதாவது கொடுக்கப்பட்டது. ஆக, ‘டேட்’டுக்குத் தமிழில் சொந்தம் தேடினால் ‘தேதி’யைவிடத் ‘தத்து’தான் நெருக்கம். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோதெல்லாம் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

நம் ‘தா’ வேறு குடும்பம். ஓசூரில் இருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ‘தா’ என்றால் ‘கொண்டு வா’ என்று பொருள். ‘தா, தரு’ என்று உருவம் மாறுவதும், பொருள் கொடுப்பதிலிருந்து கொண்டுவருவது வரை நகர்வதும் திராவிட மொழிகளுக்குள் நடக்கும் விஷயம். ஓர் எழுத்துச் சொற்கள் உலகில் எந்த இரண்டு மொழியிலும் தற்செயலாக ஒத்துப்போகும். தமிழின் பெருமைக்கு இந்தச் சான்று தேவையில்லை ஐயா. அடுத்த பதிலில் உண்மையான சான்று ஒன்றே இருக்கிறது.

கார்பன் டேட்டிங் என்கிறார்களே, எங்க மயிலாடும்பாறை அகழாய்வுல கிடைச்சதுக்கு நாலாயிரத்து இருநூறு வருஷம்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? (பர்கூர்)

இங்கே ‘டேட்’ வினைச்சொல்: ஒரு பொருளுக்குக் காலம் குறிப்பது. உயிரோடு இருக்கும் மரமும் மாடும் மனிதனும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14 என்ற கதிரியக்க அணுவைச் சிறிதளவு எடுத்துக்கொண்டே இருக்கும். உயிர் போனதும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டுகளில் பாதி கரைந்துவிடும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் அது எப்போது இறந்தது என்று தெரியும். இந்த முறையை உருவாக்கிய வில்லார்டு லிபிக்கு 1960இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு வழக்கமாக நேரடியாக இப்படிக் காலம் குறிப்பதில்லை, இரும்புக்கு உயிர் இருந்ததில்லை. அதே மண்ணடுக்கில் கிடைக்கும் கரித்துண்டு போன்ற உயிர்ப்பொருளைத்தான் அளப்பார்கள். அப்படி மயிலாடும்பாறை மாதிரிகளில் ஒன்றுக்குக் கிடைத்த காலம் கி.மு. 2172. அந்த அறிக்கை 2022 மே மாதம் சட்டமன்றத்தில் வெளியானது. தமிழ்நாட்டில் இரும்பின் காலம் எவ்வளவு பின்னால் போகிறது என்று முதலில் நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தது உங்கள் ஊர் மண். பிறகு 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டச் சிவகளையின் காலக்கணிப்புகள் அதையும் தாண்டிப் பின்னால் போயின. கணக்குப் போட்டால், 4,200 ஆண்டில் கார்பன்-14இல் ஏறக்குறைய 60 சதவீதம் இன்னும் மிச்சம் இருக்கும்.

நம் பக்கத்து நடுகற்களுக்கு இந்த ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. எழுத்துள்ள கற்களில் மன்னன் பெயரும், அவன் ஆட்சியில் எத்தனையாவது ‘யாண்டு’ என்பதும் வெட்டியிருக்கும். கல்லே தன் தேதியைச் சொல்லும்.

கோர்ட்டுல ‘டேட்’டுங்கறாங்க, ‘வாய்தா’ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணா? (வழக்குக்காக அலைகிறவர், தேன்கனிக்கோட்டை)

பேச்சில் ஒன்றுதான். ‘வாய்தா’ உருது வழியாக வந்த அரபுச் சொல், வாக்குறுதி என்று பொருள். இன்ன நாளில் வருகிறேன், கட்டுகிறேன் என்று கொடுத்த வாக்கு, தவணையாகி, தள்ளிப்போடுதலாகிவிட்டது. உங்கள் வழக்கு சீக்கிரம் முடியட்டும் ஐயா.

மகள் ‘டேட்’ போறேன்னு சொன்னா தப்பா எடுத்துக்கணுமா? (ஒரு தாய், காரிமங்கலம்)

சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அம்மா. சந்திக்கக் குறித்த நாள் என்பதுதான் முதல் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பேச்சு வழக்கில் அது ஆணும் பெண்ணும் சந்திப்பதைக் குறித்தது. பிறகு சந்திக்கும் ஆளையே ‘என் டேட்’ என்றார்கள். சொல்லில் தப்பு எதுவும் இல்லை. யாரை, எங்கே என்று மகளிடமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மறைக்காமல் சொன்ன பெண், கேட்டாலும் சொல்வாள்.

9/2/2004 என்று எழுதினால் அமெரிக்க அலுவலகத்தில் குழம்புகிறார்கள். (கம்பெனி ஊழியர், ஓசூர்)

கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்த நாளையே உதாரணமாக எடுத்திருக்கிறீர்கள்! நமக்கு அது பிப்ரவரி 9, அவர்களுக்குச் செப்டம்பர் 2. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2004-02-09 என்று எழுதுங்கள், அதுவே சர்வதேசத் தர முறை. இல்லையென்றால் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

நான் புளி வியாபாரம். புளிக்கும் பேரீச்சைக்கும் பேர்ல சம்பந்தம் உண்டுன்னு யாரோ சொன்னாங்களே? (பென்னாகரம்)

உண்டு. அரபியில் பேரீச்சம்பழம் ‘தம்ர்’. நம் நாட்டுப் புளியை அரபு வணிகர்கள் ‘தம்ர் ஹிந்தி’ என்றார்கள்: இந்தியப் பேரீச்சை. கொட்டை எடுத்து அடைத்து வைத்த புளியின் பழுப்பும் பிசுபிசுப்பும் அவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பழத்தை நினைவூட்டியிருக்கும். அதுதான் ஆங்கிலத்தில் டாமரிண்ட். நீங்கள் மூட்டை மூட்டையாக அனுப்பும் புளி, ஆங்கிலத்தில் போகிற இடமெல்லாம் பேரீச்சை என்ற பெயரைச் சுமந்துகொண்டு போகிறது. ‘புளி’ என்ற நம் சொல்லோ சுவையிலிருந்து வந்தது.

சார், எங்க தோட்டத்துப் பழம் மஞ்சளா உருண்டையா இருக்கு. விரல் மாதிரி இல்லையே? (பேரீச்சை விவசாயி, அரியகுளம் பக்கம்)

உங்களுடையது பர்ஹி வகை. மஞ்சள் நிறத்திலேயே துவர்ப்பு போய் இனித்துவிடுவதால் பச்சையாகவே அறுத்து விற்கிறீர்கள். விரல் என்ற பெயருக்குப் பொருந்துவது நீள வகைகளும், மரத்திலேயே காய்ந்து சுருங்கும் வகைகளும்தான். நம் ஊரில் அப்படிக் காய விட்டால் மழை கெடுத்துவிடும்.

தமிழன் பழத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. நம் காட்டோரத்தில் ஈச்ச மரம் நின்றது. அதன் ஓலையில் பாய் பின்னினோம், விளக்குமாறு கட்டினோம், சின்னப் பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள். கன்னடத்தில் ஈச்சலு, தெலுங்கில் ஈத்த, எல்லாம் அதே சொல்தான். அதே சாயலில் பெரிய மரம் ஒன்று வந்ததும், பேரூர், பேராறு என்பதுபோலப் ‘பேரீச்சு’ என்றார்கள். அதனால் ‘ரி’ போடாமல் ‘ரீ’ என்று நெடிலாக எழுத வேண்டும். உங்கள் வாசல் பலகையில் ‘டேட்ஸ்’ என்பதற்குக் கீழே அதையும் எழுதி வையுங்கள். அடுத்த தடவை அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.