விதை காய்ச்சல் (விதை ஈரம் போகக் காய்வது): வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: தையில் நாட்டுத் தக்காளி விதை எடுத்து, ஒருநாள் வெயிலில் காயவைத்து பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்தேன். ஆடியில் விதைத்தால் ஐம்பதுக்கு நாலுதான் முளைத்தது. டப்பாவைத் திறந்தபோது பூசண வாடை அடித்தது. என்ன தவறு?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அந்த வாடையிலேயே பதில் இருக்கிறது. உள்ளே ஈரம் இருக்கும்போதே மூடிவிட்டீர்கள். விதைக்கு உயிர் உண்டு. ஈரம் இருந்தால் வேகமாக மூச்சுவிடும், தன் சேமிப்பைத் தின்று தீர்க்கும். வெளியே போக வழியில்லாத ஈரத்தில் பூசணமும் பிடிக்கும். தக்காளி விதையைத் துணிப்பையில் வைப்பதானால் ஈரப்பதம் 8 சதவீதம் வரை இருக்கலாம். காற்றுப் புகாத டப்பா என்றால் 6 சதவீதத்துக்கு இறங்கியாக வேண்டும். ஒருநாள் வெயில் அதற்குப் போதாது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். செடியிலேயே நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, சாறோடு கண்ணாடிப் பாத்திரத்தில் வையுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம். வெயில் காலத்தில் 24 மணி நேரம், குளிர் காலத்தில் 48 மணி நேரம். இடையில் இரண்டு முறை கிளறிவிட்டால் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கழன்றுவிடும். அதற்குமேல் விட்டால் பாத்திரத்திலேயே முளைவிடும். அலசும்போது மிதப்பது பொக்கு, கொட்டிவிடுங்கள்.

முதல் நாள் நிழலில், காற்றாடிக்குக் கீழே, துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். செய்தித்தாளில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணிக்கொரு தரம் விரலால் உதிர்த்துவிடாவிட்டால் கட்டி தட்டி, நடுவில் உள்ளவை காயாது. இரண்டாம் நாளிலிருந்து காலை 8 முதல் 11 வரை, மாலை 3 முதல் 5 வரை வெயில் காட்டுங்கள். உச்சி வெயிலில் தகரத்திலோ சிமென்ட் தரையிலோ கிடந்தால் ஈர விதையின் முளைக்கரு வெந்துபோகும். பொழுது சாயும் முன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், இரவுப் பனியை விதை திரும்பக் குடித்துவிடும். சூட்டோடு டப்பாவில் அடைக்கவும் வேண்டாம்.

கேள்வி: ஈரமானி இல்லாமல் காய்ச்சலை எப்படிப் பார்ப்பது? எங்கள் ஊர் கடலோரம், எவ்வளவு காயவைத்தாலும் நமத்த மாதிரியே இருக்கிறது.
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சுரை, பூசணி, பீர்க்கன் விதையை இரண்டு விரலால் வளையுங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் காய்ச்சல். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம். பயறுக்கு உப்புச் சோதனை உண்டு: உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் வறுத்து ஆறிய தூள் உப்பு மூன்று ஸ்பூன், ஒரு கைப்பிடி விதை போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் உடனே மூடிவிடலாம் என்று அர்த்தமில்லை. பெரிய ஈரம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கடலோரக் காற்றின் ஈரத்தை வெயிலால் மட்டும் ஜெயிக்க முடியாது. ஈரத்தை உறிஞ்சும் நீல மணியான சிலிக்கா ஜெல் வாங்குங்கள். விதையின் எடைக்குச் சமமாக, அதாவது 100 கிராம் விதைக்கு 100 கிராம், தனித் துணி முடிச்சாகக் கட்டி, இறுக மூடிய பாட்டிலில் விதையோடு ஒரு வாரம் வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். நீல மணியில் கோபால்ட் இருப்பதால் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். வெண்டை, அவரை, தட்டைப்பயறு விதைகளை இதில் அதிக நாள் விடவேண்டாம். மிதமிஞ்சிக் காய்ந்தால் தோல் இறுகி, விதைக்கும்போது தண்ணீர் உறிஞ்சாது.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
— வாசகி, சேலம்

பதில்: தாராளமாக, காய்ந்த விதையை மட்டும். ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பு, வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பு என்பது விதை விஞ்ஞானி ஹாரிங்டன் சொன்ன கணக்கு. பலர் கோட்டைவிடுவது வெளியே எடுக்கும்போதுதான். சில்லென்ற பாட்டிலை உடனே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் விதைமேல் முத்து முத்தாகப் படியும், அதுவரை காயவைத்த பாடெல்லாம் வீண். மூடியைத் தொடாமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். தேவைக்கு ஏற்பச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு வைத்தால் முழுப் பாட்டிலையும் அடிக்கடி திறக்க வேண்டியிருக்காது. வெங்காய விதை மட்டும் ஆயுள் குறைந்த ஜாதி; வெளியே வைத்திருந்தால் அடுத்த பட்டத்திலேயே விதைத்துவிடுங்கள்.

கேள்வி: நாவல் கொட்டையைப் பத்திரமாகக் காயவைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லையே?
— வாசகர், மணப்பாறை

பதில்: காயவைத்ததுதான் அதைக் கொன்றது. நாவல், பலா, மா இவற்றின் விதைகள் ஈரம் இழந்தால் இறந்துவிடும். பழம் தின்ற கையோடு சதையைக் கழுவி, ஈர மணலில் ஊன்றுங்கள்.