முசுறு வேடம்

அன்புள்ள ஐயா,

முதலமடையில் எங்கள் மாந்தோப்பில், இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு அதிகம். இலைமேல் தனியாக நின்ற ஒன்றைத் தட்டிவிட்டேன். கடிக்க வரவில்லை, துள்ளிக் குதித்து நூல்விட்டுத் தொங்கியது. எறும்புக்கு ஏது நூல்? பறிப்புக்கு ஆள் ஏற முடியவில்லை என்று கூடுகளுக்கு மருந்தடிக்கப் பார்க்கிறார்கள். அடிக்கலாமா?

ஒரு வாசகர், முதலமடை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது எறும்பே அல்ல, குதிக்கும் சிலந்தி. முசுறுக் கூட்டிலும் நூல் உண்டுதான். ஆனால் அதைச் சுரப்பது முசுறின் இளம் புழுக்கள். வேலைக்கார எறும்புகள் புழுவை வாயில் கவ்வி, இலை விளிம்புகளுக்கிடையே அங்குமிங்கும் கொண்டுபோய்த் தைக்கின்றன. வளர்ந்த முசுறு நூல்விட்டுத் தொங்காது.

அடுத்த முறை கால்களை எண்ணுங்கள். ஆறு காலில் நடப்பதுபோல் இருக்கும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல் ஆட்டிக்கொண்டே போகும். சிலந்தியின் உடல் இரண்டே பகுதி. இதற்கு முன்பகுதி நடுவில் இறுகியிருப்பதால் மூன்றாகத் தெரியும். எறும்பின் கண் இருக்கவேண்டிய இடத்தில் பக்கத்துக்கொரு கரும்புள்ளி. ஆனால் நேர் எதிரே குனிந்து பாருங்கள், இரண்டு பெரிய கண்கள் உங்களையே பார்க்கும்! ஆணின் தாடைகள் முன்னே நீண்டு துருத்தியிருக்கும். இன்னொரு எறும்பைத் தூக்கிச் செல்வதாகவே தோன்றும். இது முசுறை வேட்டையாடுவதில்லை, நெருங்கினாலே ஒதுங்கிவிடும். முசுறுக்கு அஞ்சும் எதிரிகளிடமிருந்து தப்பிக்கத்தான் இந்த வேடம். அமேசான் வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இல் விளக்கியது இதே தந்திரத்தைத்தான்.

எனக்குப் பெரிய வியப்பு, முசுறு வேடமிடும் இன்னொரு சிலந்தியான அமிசியா. அதன் வயிற்று முனையில் இரு கரும்புள்ளிகள். அந்தப் பின்பக்கம்தான் எறும்பின் தலையாகத் தெரியும். வரிசைக்கு ஓரமாக நின்று, அடிபட்ட முசுறுபோல் துடிக்கும். என்னவென்று பார்க்க வருவதைப் பிடித்துக்கொண்டு நூலில் இறங்கிவிடும். அந்தரத்தில் தொங்குவதை மற்ற முசுறுகள் எட்ட முடியாது.

மருந்து வேண்டாம். பழ ஈ முதல் தத்துப்பூச்சிவரை விரட்டும் காவல் முசுறு. மருந்து இந்தச் சிலந்திகளையும் சேர்த்தே கொல்லும்; தப்பியவற்றுக்கும் முசுறில்லாத மரத்தில் அந்த வேடம் உதவாது. மரச்சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியை முசுறு பேணி வளர்ப்பதும் உண்மை. மாவுப்பூச்சி பிடித்த கிளைகளை மட்டும் வெட்டிவிடுங்கள். பறிப்பவர்கள் கைகால்களில் அடுப்புச் சாம்பலை நன்றாகப் பூசிக்கொண்டு ஏறினால் கடி குறையும்.

ஆணின் தாடை தெரியும்படி ஒரு படம் கிடைத்தால் அவசியம் அனுப்புங்கள்.